அழுமூஞ்சியும் இஸ்திரிக்காரரும்

டிவியில் நாடகம் பார்ப்பவர்களில் பல தினுசு உண்டு. தூங்கிக்கொண்டே பார்ப்பவர் உண்டு. "யாரு இவன்? முன்னாடி வந்தானா?" என்று பக்கத்து ஆளைக் குடைந்துகொண்டே பார்ப்பவர் உண்டு. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதுவிட்டு, கண்ணில் தூசி விழுந்ததென்று சாதிப்பவர் உண்டு. இவர்களையெல்லாம் விட்டுவிடுங்கள், பாவம், இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. இங்கே சொல்ல வந்தது திட்டிக்கொண்டே பார்ப்பவர் என்கிற இனத்தைப் பற்றி.

இந்த இனத்தாருக்கு வில்லிமேல் ஒரு கோபமும் கிடையாது. அவள் பாலில் விஷம் கலக்கட்டும், பத்திரத்தைத் திருடட்டும், மாடிப்படியில் எண்ணெய் ஊற்றட்டும். "அவ வேலைய அவ ஒழுங்கா பாக்கறா" என்று பாராட்டுப் பத்திரமே வாசிப்பார்கள். கோபமெல்லாம் கதாநாயகிமேல்தான். அவளைப் பிடித்தவர்கள் காய்ச்சல், விருந்தாளி என்று வாரத்தில் இரண்டு நாள் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். பிடிக்காதவர் விடவே மாட்டார். பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, நாற்காலியைத் தட்டிப் போட்டு, "இன்னிக்கு என்ன கூத்து அடிக்கறான்னு பாப்போம்" என்று உட்கார்வார். மின்சாரம் போனால் முதலில் துடிப்பவரும் அவர்தான். பிடிக்காவிட்டால் பார்க்காமல் இருக்கலாமே என்று கேட்டுப் பாருங்கள். "பாக்காம எப்படிங்க திட்றது?" என்பார். நியாயம்தானே?

நம் இஸ்திரிக்காரர் அந்த இனத்தில் தலைமகன்.

அவர் கடையில் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். கம்பளி விரித்த மேசை, ஒரு பக்கம் கசங்கல் மூட்டைகள், இன்னொரு பக்கம் தேய்த்து அடுக்கிய கட்டுகள், ஒவ்வொரு கட்டிலும் குண்டூசியால் குத்திய துண்டுச் சீட்டு. மேல் தட்டில், இரண்டு போர்வை மூட்டைகளுக்கு நடுவே, குழந்தையைப் படுக்கவைத்ததுபோல் ஒரு டிவி. சாயங்காலம் ஆறரைக்கு அதில் அழுமூஞ்சி வருவாள். கதையில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று இருக்கிறது. அந்தக் கடைத்தெருவில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவள் செய்கிற காரியங்களும் அப்படித்தான் இருக்கும். கதவுக்குப் பின்னால் நின்று பாதிப் பேச்சை மட்டும் கேட்பாள். மீதியைக் கேட்க இரண்டு நிமிடம் நிற்க மாட்டாள். போன் அடித்தால் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். உயிரை எடுக்க வந்தவளுக்கு டீ போட்டுக் கொடுப்பாள், சர்க்கரை போதுமா என்றும் கேட்பாள். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகும்போது ஒரே ஒரு பை எடுத்துப் போவாள். "மூணு வருஷம் வாழ்ந்த வீட்ல இருந்து ஒரே பையா? உள்ள என்னடி வெச்சிருக்க, காத்தா?" என்று இஸ்திரிக்காரர் மேல் தட்டைப் பார்த்துக் கத்துவார். எல்லாவற்றுக்கும் மேலே, உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவே மாட்டாள். வாயைத் திறப்பாள். அவள் மூஞ்சியை மூன்று தரம் கிட்டக் காட்டுவார்கள். பின்னால் டமார் என்று ஒரு சத்தம். பிறகு வாயை மூடிக்கொள்வாள்.

அவள் வாயை மூடும்போதெல்லாம் கீழே ஒரு சட்டை கருகும்.

கை இஸ்திரிப் பெட்டியை அழுத்தும், கண் மேலே இருக்கும், நடுவில் யாரோ ஒருவருடைய முதுகு. ஒருமுறை கோபத்தில் பெட்டியையே கீழே போட்டு அதன் நுனி உடைந்துவிட்டது. அதிலிருந்து அவர் சுட்ட துணிக்கெல்லாம் ஒரு தனி முத்திரை: படகு மாதிரி ஒரு தடம், முனையில் எலி கடித்தாற்போல ஒரு வெட்டு. பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர் சந்தித்தால் முதுகைத் திருப்பிக் காட்டிக்கொள்வார்கள்.

"உங்களுது என்னிக்கு?"

"வீட்டுச் சாவிய நாத்தனார் கையில குடுத்தாளே, அன்னிக்கு. உங்களுது?"

"அவ மாமியார் கால்ல விழுந்தது."

"அது ரொம்பப் பழசாச்சேய்யா!"

ஊரும் பழகிக்கொண்டது. கணக்கு வாத்தியார் துணி போட வந்தால் வாசலிலேயே நின்று விசாரிப்பார். "இப்ப அவ எப்படி இருக்கா?"

"கோமாவுல கெடக்கா சார்."

"அப்பாடா! அப்ப வெள்ளைச் சட்டையெல்லாம் கொண்டாந்துடறேன்." அவள் கோமாவில் கிடந்த அந்த இரண்டு மாதம்போல ஊரில் யாரும் மடிப்புக் கலையாமல் நடந்ததில்லை.

ஆனால் இஸ்திரிக்காரருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உறவுக்காரர் துணியைக் காலையில்தான் தேய்ப்பார். ஆறரை மணிக்குச் சொந்தபந்தம் யாரும் மேசைமேல் இருக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை அவர் ஒரே ஒரு நாள் மீறினார்.

எதிர்க் கடைத் தையல்காரர் அவருடைய தங்கை வீட்டுக்காரர். முப்பது வருஷம் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தைத்துப் போட்டுவிட்டு, முதன்முதலாகத் தனக்கென்று ஒரு கோட்டுத் தைத்திருந்தார். மறுநாள் தையல்காரர் சங்கக் கூட்டம். "காலையில வேணும் மச்சான்" என்று சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குத்தான் அழுமூஞ்சி வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டாள்.

வேறென்ன சொல்ல? கோட்டின் நடுமுதுகில் படகு ஏறிவிட்டது.

இஸ்திரிக்காரர் என்ன செய்திருக்க வேண்டும்? சாலையைத் தாண்டிப் போய், "மச்சான், தப்பாயிடுச்சு" என்றிருக்க வேண்டும். எட்டே அடி தூரம். அவர் முதுகை உள்பக்கம் மடித்தார். மடிப்பின்மேல் மடிப்பு வைத்தார். குண்டூசி குத்தினார். காலையில் கொடுத்துவிட்டார்.

தையல்காரர் அதைக் கூட்டத்துக்கு அவசரமாக மாட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னால் இருந்த ஆறு வரிசையும் சிரித்தது. தலைவர் பேச்சு நன்றாக இருக்கிறது போலும் என்று அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. நேரே மச்சான் கடைக்கு ஓடிவந்தார்.

"மச்சான், இங்கிருந்து போறப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

இஸ்திரிக்காரர் வாயில் நாலு குண்டூசி இருந்தது. "ம்" என்றார்.

அது பொய்யா? இல்லவே இல்லை என்பது அவர் கட்சி. வாயில் குண்டூசி இருக்கும் மனிதன் வேறென்ன சொல்ல முடியும்? அந்த ஒரு "ம்" தையல்காரர் வீட்டுக்குள் போய் வேலையைக் காட்டியது. கூட்டத்துக்குப் புறப்படும் முன் தங்கை மடிப்பைப் பிரிக்காமலே அந்தக் கோட்டின் காலரை மட்டும் வீட்டுப் பெட்டியால் ஒரு இழுப்பு இழுத்திருந்தாள். "காலரத் தேய்ச்சா முதுகு கருகுமா?" என்று அவள் கேட்டாள். "அப்ப தானாவா கருகிச்சு?" என்று அவர் கேட்டார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் அவளை நம்பாமல் பேசியது அதுதான் முதல் தடவை. கோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கையில் ஒரே ஒரு பை.

இஸ்திரிக்காரர் அந்தப் பையைப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று இந்தத் தடவை கேட்கவில்லை. அவளே திறந்து காட்டினாள்: மாற்றுத்துணி இரண்டு, ஒரு தலையணை, வீட்டு இஸ்திரிப் பெட்டி. "பாரு அண்ணே, இதோட மூக்கு எவ்ளோ வழுவழுன்னு இருக்கு. அந்தக் கோட்ட மட்டும் ஒரு தடவ காட்டச் சொல்லு. மேல வெச்சுப் பாத்தா தெரிஞ்சுடும் யார் பண்ணதுன்னு."

"எதுக்கும்மா அவசரம்" என்றார் அண்ணன். "ஆறப் போடு."

பத்தொன்பது நாள் ஆறியது. தங்கை பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். எதிர்க் கடையில் தையல்காரர் காலருக்குப் பதிலாகக் கையைச் சட்டைக் கழுத்தில் வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் அங்கேயே தைத்தார். நடுவில் நின்றது ஒரு "ம்". அதை எடுத்துவிட்டால் தங்கை வீடு போய்ச் சேருவாள். இஸ்திரிக்காரருக்கு இது நன்றாகவே தெரியும். தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று சாலை வரைக்கும் போவார். சைக்கிள் ஒன்று வரும். சரி, நாளைக்கு என்று திரும்பிவிடுவார். சைக்கிள் வராத நாளில் வரும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார்.

இதற்கிடையில் மேல் தட்டில் என்ன நடந்தது தெரியுமா? மாமியாரின் மூக்குக் கண்ணாடியை அழுமூஞ்சி தெரியாமல் மிதித்துவிட்டாள். பழி சமையல்கார அம்மாள்மேல் விழுந்தது. அந்த அம்மாள் மூட்டையைக் கட்டுகிறாள். அழுமூஞ்சி தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு வாரமாக நிற்கிறாள்.

பத்தொன்பதாம் நாள் ஆறரை மணிக்குக் கடை நிறைந்துவிட்டது. இஸ்திரிக்காரரின் வீட்டம்மா மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். தங்கை ஸ்டூலில். காற்சட்டை வாங்க வந்த கணக்கு வாத்தியார் வாசற்படியில். சாலை ஓரமாகத் தையல்காரர் நின்றார். கோபத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கழுத்து மட்டும் டிவிப் பக்கம் திரும்பியிருந்தது.

"சொல்லேன்டி!" என்று இஸ்திரிக்காரர் பெட்டியால் மேசையைக் குத்தினார். "ஒரு பாவமும் அறியாதவ மூட்டையக் கட்டிட்டுப் போறா, நீ தூணக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கற! நாந்தான் பண்ணேன்னு சொன்னா உன் வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்? நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ ஒருத்தன்தான் அண்ணே நியாயத்தப் பேசற."

அப்போது அழுமூஞ்சி வாயைத் திறந்தாள். மூன்று தரம் கிட்டக் காட்டினார்கள். டமார்.

"நான்தான் மிதிச்சேன், அத்தை" என்றாள்.

ஐந்நூற்று எண்பது நாளில் அவள் சொன்ன முதல் உண்மை. இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என்ன, சொல்லிட்டா? இவ்ளோ சீக்கிரமாவா?" என்றார்.

"அவளே சொல்லிட்டா" என்றார் வீட்டம்மா, அழுத்தி. பார்வை மேல் தட்டில் இல்லை, புருஷன்மேல் இருந்தது.

இஸ்திரிக்காரர் தங்கையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். பக்கத்தில் தூண் இல்லாததால் துணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அது வந்து... அன்னிக்கு... கோட்டு..." என்று ஆரம்பித்துக் கண் கலங்கித் திரும்பிக்கொண்டார். கை தானாகப் போய் நாலு குண்டூசியை எடுத்து வாயில் வைத்தது.

"யோவ், ஊசிய எடுத்துட்டுப் பேசுய்யா!" என்று கத்தினார் கணக்கு வாத்தியார்.

"சொல்லித் தொலைங்களேன்!" என்றார் வீட்டம்மா.

"என்னண்ணே? சொல்லு!" என்றாள் தங்கை.

"இழுக்காதீங்க மச்சான்!" என்று சாலை ஓரத்திலிருந்து ஒரு குரல்.

மேலே விளம்பரம் ஓடியது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் இஸ்திரிக்காரர்மேல். அவர் ஒவ்வொரு ஊசியாக எடுத்தார், கம்பளியில் குத்தினார், எச்சிலை விழுங்கினார். "நாந்தாம்மா கருக்கினேன்."

"அதெல்லாம் எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் கணக்கு வாத்தியார். "கருகறப்ப இங்கதானே நின்னேன். உங்க குடும்ப விஷயம், நமக்கெதுக்குன்னு..."

"கம்பளி கருகின நாத்தம் எனக்கும் அடிச்சுது" என்றார் வீட்டம்மா. "அவரா சொல்லட்டும்னு விட்டேன்."

தையல்காரர் மெல்லப் படி ஏறினார். "நானும் மறுநாளே அந்த மூக்கொடிஞ்ச அச்சப் பாத்துட்டேன். ஆனா அதுக்குள்ள இவ பையத் தூக்கிட்டா. சொன்ன வார்த்தைய எப்படித் திருப்பி வாங்கறது? மச்சான் மொதல்ல சொல்லட்டும், அப்புறம் நான் சொல்லிக்கலாம்னு..."

தங்கை ஸ்டூலைவிட்டு எழுந்தாள். நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "அப்ப தெரியாதது எனக்கு மட்டுந்தானா? பத்தொன்பது நாள்! நாலு அழுமூஞ்சிக்கு நடுவுல உக்காந்து அஞ்சாவதா டிவிப் பொட்டியில ஒருத்தியப் பாத்துட்டிருந்திருக்கேன்!"

யாரும் வாயைத் திறக்கவில்லை. பழக்கம் போகுமா?

"நான் பண்ணது தப்புதான்" என்றார் தையல்காரர், தரையைப் பார்த்து. "வீட்டுக்கு வா."

"பையத் தூக்குங்க."

அவர் தூக்கினார். தோள் ஒரு பக்கமாக இறங்கியது. "என்ன இது, கல்லா?"

"வீட்டு இஸ்திரிப் பெட்டி. இனிமே உங்க துணிய நீங்களே தேய்ச்சுக்குவீங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "விளம்பரம் முடிஞ்சுது. எல்லாரும் தள்ளுங்க, மறைக்குது. முடிஞ்சதும் போலாம்."

கோட்டின் முதுகில் இப்போது ஒரு பெரிய பை தைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் கை எப்படிப் போகும் என்று கேட்பவர்களிடம், இப்போதைய மோஸ்தர் அதுதான் என்கிறார் தையல்காரர். சங்கத்தில் இரண்டு பேர் அதேபோல் வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

இஸ்திரிக்காரர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்கள். மறுநாள் ஆறரைக்கு அவர் கடைப் பக்கம் போயிருந்தால் தெரிந்திருக்கும். "பட்டுனு உண்மையச் சொல்லிட்டா பாரு, திமிரு புடிச்சவ! அந்த மாமியார் மனசு என்ன பாடுபடும்னு ஒரு நிமிஷம் யோசிச்சாளா?" கீழே யாருடைய சட்டையோ புகைந்தது.

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் கோட்டை மடித்து வைத்த இடத்திலிருந்தே "சொல்லித் தொலையேன்யா" என்று நீங்கள் முணுமுணுத்தது காதில் விழாமல் இல்லை. அந்த மனிதரை உங்களுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் கீழே வைக்காமல் இந்த வரிவரைக்கும் வந்துவிட்டீர்கள். அது போகட்டும். உங்கள் வீட்டு அலமாரியிலும் உள்பக்கம் மடித்து வைத்தது ஏதாவது இருக்குமே, அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் பக்கத்து அறையில்தானே இருக்கிறார்?

என்ன, பதிலைக் காணோம்? வாயில் குண்டூசியா?