மருங்காபுரி மரியாயியின் மருந்து

"வயித்தைத் தட்டினா தவில் மாதிரி சத்தம் கேக்குதுங்க" என்று மனைவி லூர்துராணி வந்து சொன்னபோது, சவரிராயன் பாதி முகத்தைத்தான் சவரம் செய்து முடித்திருந்தார்.

முந்தின நாள் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பலாச்சுளைகளை மகள் அமலராணி ஒருத்தியே தின்று தீர்த்திருந்தாள். இன்று சாயங்காலம் அவளைப் பெண் பார்க்க வையம்பட்டியிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை சகாயநாதன் ஹைஸ்கூல் வாத்தியார். அவன் போட்டோவை அமலராணி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். பூசை நேரத்தில் அவள் பக்தி திடீரென்று கூடியதற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இதற்கு முன் வந்த வரன்கள் ஏதேதோ சாக்குச் சொல்லி நழுவிவிட்டன. இதுவும் கைநழுவிப் போனால் பாலக்கரையில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்று சவரிராயனுக்கு ஒரு வாரமாகவே தூக்கம் இல்லை.

"கடையில ஓமத் தண்ணி வாங்கியாங்க. இல்லேன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவோம்."

"பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு அவளை டாக்டர் வீட்டு வாசல்ல உக்கார வைக்கச் சொல்றியா? பொண்ணு சீக்காளின்னு மத்தியானத்துக்குள்ள ஊரே பேசும். எங்க அப்பாயி மருந்து இருக்கும்போது டாக்டர் எதுக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து லூர்துராணி பயந்துகொண்டிருந்த நாள் வந்தேவிட்டது.

சவரிராயனின் அப்பாவைப் பெற்றவர் மருங்காபுரி மரியாயி. பேரன் அவரைக் கண்ணால் கண்டதில்லை. அப்பா சின்ன வயதிலேயே ஊரை விட்டுத் திருச்சிக்கு வந்து ரயில்வேயில் சேர்ந்தவர். ஆனால் தாயின் மருந்துகளை மட்டும் மறக்காமல், வாய்ப்பாடு மாதிரி மகனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். "படுத்த உசிரு எதுவானாலும் ஆத்தா கை பட்டா எந்திரிச்சு நிக்கும்" என்பார். வீட்டில் இதுவரை யாரும் பெரிதாகப் படுக்காததால் அந்த மருந்துகளுக்கு வேலையே வரவில்லை. சவரிராயனுக்கு அது ஒரு மனக்குறையாகவே இருந்தது.

இஞ்சி, பூண்டு, மிளகு, பெருங்காயம், வெற்றிலை எல்லாவற்றையும் அம்மியில் அரைத்து நல்லெண்ணெயில் கலக்கினார். அப்பாயி சொன்ன அளவு உழக்கு. மகள் சின்னப் பெண்ணாயிற்றே என்று பாதியாகக் குறைத்து ஆழாக்கில் ஊற்றினார்.

"அப்பா, இதைக் குடிக்கணுமா?"

"நீ குடிக்க வேணாம்மா. நின்னுக்கிட்டே தலையை மட்டும் நிமித்து. நான் வாயோரமா ஊத்துறேன். அதான் முறை."

மருந்து வேலை செய்தது, இல்லை என்று சொல்ல முடியாது. உப்பிய வயிறு ஏப்பமாக மாறியது. அமலராணி விட்ட ஏப்பத்தில் கூரையில் இருந்த காக்கை பறந்தது. வீடு முழுக்கப் பூண்டு நாற்றம்.

"இப்ப அவளை உக்கார விடக் கூடாது. நடத்திக்கிட்டே இருக்கணும்" என்றார் சவரிராயன்.

கொல்லையில் கிணற்றைச் சுற்றி மகள் நடந்தாள். நிற்கப் பார்க்கும்போதெல்லாம் பின்னாலிருந்து அப்பா "ம், ம்" என்று விரட்டினார். தலை பின்ன வேண்டும், பூ வைக்க வேண்டும், பட்டுப்புடவை கட்ட வேண்டும். லூர்துராணி கையில் சீப்போடு அவர்கள் பின்னால் ஓடினாள். மூன்று பேருக்கும் வேர்த்துக் கொட்டியது.

மத்தியானம் சோற்றை முன்னால் வைத்ததும் அமலராணி அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சவரிராயன் கண்கள் பிரகாசமாயின.

"அப்பாயி இதையும் சொல்லியிருக்காங்க. மோந்து பாத்துட்டு முகத்தைத் திருப்பினா, நாக்குலதான் கோளாறு. உப்பும் புளியும் மஞ்சளும் வச்சு நல்லாத் தேய்ச்சு விடணும்."

"வேணாங்க. இருக்கிறது போதும். புள்ளைய விட்டுடுங்க."

"பாதி வைத்தியத்துல நிறுத்தினா கெடுதல். நீ கையைப் பிடி."

தேய்த்து முடித்தபோது அமலராணியின் நாக்கு தடித்து வாய்க்குள் அடங்காமல் கிடந்தது. உதடெல்லாம் மஞ்சள். "அம்மா" என்று சொல்லப் பார்த்தாள். "ம்மா" என்று மட்டும் வந்தது. லூர்துராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. பஸ் சீக்கிரமே வந்துவிட்டதாம்.

மாப்பிள்ளை, அவன் தாய், பெரியப்பா அற்புதசாமி மூவரும் உள்ளே வந்தார்கள். அற்புதசாமிதான் அந்தக் குடும்பத்தில் முடிவு சொல்கிறவர். வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு அவர் மூலையில் உட்கார்ந்தார். வீட்டு வாசனையில் அவர் மூக்கு ஒரு முறை விடைத்தது.

அமலராணி காப்பித் தட்டோடு வந்தாள்.

"உன் பேரென்னம்மா?" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

அமலராணி அப்பாவைப் பார்த்தாள்.

"மௌன விரதங்க" என்றார் சவரிராயன் அவசரமாக. "வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டிருக்கு. நாளைக்குத்தான் பேசும்."

"இந்த வயசுல இவ்வளவு பக்தியா" என்று அந்த அம்மாள் முகம் மலர்ந்தாள். சவரிராயனுக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அந்த ஏப்பம் வந்தது. காப்பித் தம்ளர்கள் கிணுகிணுத்தன.

"மன்னிக்கணும். எனக்குக் கொஞ்சம் வாயு" என்று சவரிராயன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். மகளுக்காக மானத்தை விடுவது ஒன்றும் பெரிதல்ல என்று நினைத்துக் காப்பியை வாயில் வைத்தார். அவர் விழுங்கிக்கொண்டிருக்கும்போது அடுத்த ஏப்பம் வந்தது. இதை அவர் கணக்கில் எழுத வழியில்லை.

மாப்பிள்ளையின் தாய் தம்ளரைக் கீழே வைத்தாள். "பொண்ணுக்குப் பேச்சு வராதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம். எதுக்கு மாதாவை இழுக்கறீங்க?"

அமலராணிக்குப் பொறுக்கவில்லை. போட்டோவில் பார்த்த முகம் எதிரே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது. ஊமை இல்லை என்று காட்ட வாயைத் திறந்தாள். மஞ்சளாய்த் தடித்த நாக்கு வெளியே வந்து நின்றது. சகாயநாதன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"கிளம்பலாம் தம்பி" என்று அவன் தாய் குடையை எடுத்தாள்.

சவரிராயன் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றார். மகள் வாழ்வு வாசற்படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. "இருங்க, உண்மையைச் சொல்லிடுறேன். பொண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. பலாப்பழம் தின்னு வயிறு உப்பிப் போச்சு. எங்க அப்பாயி வைத்தியத்தை நான்தான் பண்ணினேன். சும்மா வைத்தியம் இல்லங்க, மருங்காபுரி மரியாயி வைத்தியம்."

மூலையில் வெற்றிலை மெல்வது நின்றது.

"மருங்காபுரி மரியாயியா?" அற்புதசாமி எழுந்து வந்தார். "அவங்க பேரனா நீங்க? எங்க வீட்டுக்கே வந்து வைத்தியம் பாத்தவங்களாச்சே. அவங்க இல்லேன்னா எங்கப்பா ஒரு வருசம் ஏரே பூட்டியிருக்க மாட்டாரு."

மாப்பிள்ளையின் தாய் குடையோடு நின்றாள். சவரிராயனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருஷம் நம்பாமல் இருந்தாயே என்று அதற்குப் பொருள்.

"எல்லாம் அவங்க சொன்ன முறைதாங்க" என்றார் பெருமை தாங்காமல். "நிக்க வச்சு ஊத்தினேன், நடத்தினேன், நாக்கைத் தேய்ச்சேன். அளவை மட்டும் குறைச்சுட்டேன். அப்பாயி சொன்னது உழக்கு. சின்னப் பொண்ணாச்சேன்னு ஆழாக்குதான் கொடுத்தேன். அதுல ஏதும் தப்பு வந்திருக்குமோ?"

அற்புதசாமி அமலராணியின் வாயை ஒரு முறை பார்த்தார். அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"அளவெல்லாம் சரிதான் சம்பந்தி. கன்னுக்குட்டின்னா அவங்களும் ஆழாக்குதான் ஊத்துவாங்க."