கம்ப்யூட்டர் கூடு உடைந்த விஷயமாகச் சம்பந்திக்கு

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் வணக்கத்துடன் சொல்லச் சொல்ல எழுதப்படுவது. இந்த இடத்தில் நலம், நலமறிய ஆவல் என்று போடுவது முறை. எழுதுகிறவரும் போடத்தான் பார்த்தார், நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். நலம் விசாரித்ததில் இந்த வீட்டுக்கு இப்போதுதான் பெரிய சேதம் ஆகியிருக்கிறது. போனில் பேசாமல் ஏன் கடுதாசி என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது வார்த்தை சொல்லிவிடுகிறீர்கள். கடுதாசியில் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்து மாப்பிள்ளையை உங்கள் வீட்டோடு கூட்டிப் போகப் போவதாக என் மகளிடம் சொன்னீர்களாம். "அங்க வச்சு அவனை வீணாக்கிட்டீங்க" என்றும் சொன்னீர்களாம். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை, பாத்திரம் கழுவிய சத்தத்திலேயே தெரிந்தது, அப்புறம் கேட்டு வாங்கினேன். நீங்கள் வர வேண்டாம். எழுதுகிறவர் 'தயவுசெய்து' சேர்க்கட்டுமா என்கிறார். சேர்க்கட்டும். தயவுசெய்து வர வேண்டாம்.

மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை மூடிப் பதினாலு மாதம் ஆகிறது. முதல் மூன்று மாதம் தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எங்கேயும் போகவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் என் மகள் வேலை முடிந்து வந்தபோது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்து காலைத் தெருப் பக்கம் தொங்கவிட்டிருந்தார். கேட்டதற்குக் காத்து வாங்கினேன் என்றார். அன்றைக்குக் காத்தே இல்லை. மாடிக் கொடியில் துணி அசையவில்லை என்று என் மகள் சொன்னாள். (எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். வந்துவிட்டார்.) மறுநாள் மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டாள், என்னை வரச் சொன்னாள். பத்து நாள் என்று இரண்டு மாற்றுத்துணியோடு வந்தேன், பதினோரு மாதம் ஆகிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. குளிக்கும்போதும் இருக்கிறது, துருப்பிடித்துப்போய் இடுப்பில் ஒரு கறையே விழுந்துவிட்டது. நான் காவலுக்கு வந்தவன் என்று அவருக்கும் தெரியும். நான் விருந்தாளி மாதிரி நடக்கிறேன், அவர் வீட்டுக்காரர் மாதிரி நடக்கிறார், என் மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறாள்.

அந்தப் பதினோரு மாதத்தில் அவர் வாய் திறந்து வேண்டும் என்று சொன்னது ஒரே ஒரு சாமான். முதன்முதலாக அவர் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்ததாம். திரையும் எழுத்துப் பலகையும் ஒரே கூட்டில், சின்ன அலமாரி கனம். அதே மாதிரி பழைய மெஷின் ஒன்று எங்கேயோ தூரத்து ஊரில் ஒருத்தர் விற்கிறார், வாங்கட்டுமா என்று என் மகளிடம் கேட்டார். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. பார்சல் வர இருபத்தாறு நாள் ஆனது. அந்த இருபத்தாறு நாளும் மாப்பிள்ளை முகச் சவரம் செய்துகொண்டார். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

வந்த அன்றைக்கு அவர் குளித்துக்கொண்டிருந்தார். வழக்கமாகக் குளியலறைக்கு வெளியே எதையாவது தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருப்பேன். மணி அடித்ததால் வாசலுக்குப் போனேன். பார்சல்காரர் பெட்டியை இறக்கினார். உள்ளே கலகல என்று சத்தம். மெஷின் என்றால் சத்தம் வரும்தானே என்று நினைத்தேன். "எல்லாம் நல்லா இருக்கா பெரியவரே" என்று கேட்டார். முன்பின் தெரியாத மனுஷன் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று, "நல்லா இருக்கோம்பா, நீ எப்படி இருக்கே" என்றேன். அவர் போனில் எதையோ தட்டினார். "கையெழுத்துப் போடுங்க" என்றார். எனக்கேது கையெழுத்து, அந்தப் போன் கண்ணாடியில் கட்டைவிரலை வைத்தேன். போதும் என்று போய்விட்டார். அப்புறம் விற்றவரிடம் கேட்டபோது, பெட்டி நல்லபடியாக இருக்கிறது என்று உங்கள் வீட்டுப் பெரியவர் எழுத்து மூலமாக ஒப்புக்கொண்டிருக்கிறார், இனிமேல் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. சம்பந்தி, என் ஆயுசில் நான் எழுத்து மூலமாகச் சொன்னது அது ஒன்றுதான். அதுவும் பொய்யாகப் போய்விட்டது.

மாப்பிள்ளை ஈரத் தலையோடு வந்து பெட்டியைத் திறந்தார். பதினாலு துண்டு. ஒரு மூலை அப்பளமாக நொறுங்கியிருந்தது, உள்ளே ஸ்க்ரூ ஏறுகிற குழல்கள் அத்தனையும் முறிந்திருந்தன. அவ்வளவு கனமான சாமானுக்கு விற்ற மனுஷன் சுற்றியிருந்தது நாலு தாள் செய்தித்தாள். மாப்பிள்ளை உள்ளே எட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, செத்தவர் முகத்தில் துணியை இழுத்து மூடுவார்களே, அந்த மாதிரி பெட்டியை மூடினார். "விடுங்க மாமா" என்றார். அறைக்குள் போய்ப் படுத்தவர் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பது வருஷம் சைக்கிளில் நெருப்புச் சட்டியைக் கட்டிக்கொண்டு உடைந்த பிளாஸ்டிக் பக்கெட்டும் குடமும் நாற்காலியும் ஒட்டினவன் நான். உங்களுக்கு அது வெளியே சொல்லிக்கொள்கிற தொழிலாகப் படவில்லை. முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் உட்கார்ந்த நாற்காலி, பின்காலில் நான் மூன்று தையல் போட்டது. உட்காருவதற்கு முன் கையால் அமுக்கிப் பார்த்து "தாங்குமா" என்றீர்கள். சாம்பல் நிறச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒன்றுக்கு மூடி இல்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தீர்கள். தாங்கிச்சு. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

மூன்றாம் நாள் அவர் அசந்து தூங்கினபோது சமையலறையில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒரு துண்டில் வைத்தேன். பக்கெட் பிளாஸ்டிக் காய்ந்தால் மெழுகுவத்தி வாசம் வரும். இது தித்திப்பாக ஒரு நாற்றம், கரிநூலாகப் பறக்கிற கறுப்புப் புகை. துண்டில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை, என் விரலிலும் கொப்புளம். புகை அறை வரைக்கும் போய்விட்டது போல, மாப்பிள்ளை எழுந்து வந்து நின்றார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"ஒட்டுறேன்."

"இது பக்கெட் இல்ல மாமா."

"பக்கெட்டா இருந்தா இந்நேரம் முடிச்சுத் தண்ணி பிடிச்சிருப்பேன் மாப்பிள்ளை."

அவர் தரையில் உட்கார்ந்தார் சம்பந்தி. அந்த ஓட்டை போட்ட துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதச் சூட்டுல ஒட்டக் கூடாது, கரைச்சு ஒட்டணும்" என்றார். எதில் கரைப்பது என்றால், நெயில் பாலிஷ் ரிமூவரில். என் மகள் பாட்டில் காலி. சாயங்காலம் அவள் "அப்பா, என் பாட்டில் எங்க" என்று கேட்டாள். எனக்கென்னம்மா தெரியும், நான் என்ன நகப்பூச்சா பூசுறேன், பாரு என்று பத்து விரலையும் நீட்டினேன். பத்திலும் பிளாஸ்டிக் கரைசல் வெள்ளையாக ஒட்டிக் காய்ந்திருந்தது. மறுநாள் அலமாரியில் மூன்று பாட்டில் இருந்தது. அதில் ஒன்றில் ரோஜா நிறச் சாயம் கலந்திருந்ததைக் கவனிக்காமல் ஊற்றி, மெஷினுக்கு உதட்டுச் சாயம் பூசின மாதிரி ஒரு மூட்டு ஆகிப்போனது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு முழுப் பகல். நான் சுரண்டினது ஆழம் என்று அவர், அவர் தேய்த்தது மொழுமொழு என்று நான். வீட்டுத் துணிக் கிளிப் எல்லாம் ஒட்டின துண்டுகளைக் கடித்துக்கொண்டிருந்ததால், ஜன்னல் கம்பியில் காய்ந்த துணி பறந்து பக்கத்து வீட்டு நாய் மேல் விழுந்து, அந்த வீட்டம்மா வந்து கத்தி, மாப்பிள்ளை போய் மன்னிப்புக் கேட்டார். வாசலைத் தாண்டிப் போய்க் கேட்டார். அந்த நாய்க்கு நான் பிஸ்கட் வாங்கிப் போட்டேன்.

நொறுங்கின மூலைக்குத் துண்டு பத்தவில்லை. அதே பிளாஸ்டிக் வேண்டும், அதே பழுப்பு வேண்டும். கீழ் வீட்டில் இருக்கிற வீட்டுக்காரர் மேசையில் பழைய கிரீம் கலர் போன் ஒன்று துணி மூடி உட்கார்ந்திருக்கும். ஒரு சில்லைச் சுரண்டி முகர்ந்தால் பிளாஸ்டிக் ரகம் தெரிந்துவிடும் என்று போனேன். வீட்டுக்காரர் தர மாட்டேன் என்றார். "யாராவது கூப்பிட்டா?" என்றார். லைனை அறுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆச்சே, யாருங்க கூப்பிடுவா என்றேன். "நம்பர் தெரிஞ்சவங்க இருக்காங்கல்ல" என்றார். கூட வந்திருந்த மாப்பிள்ளைதான் அவர் எதிரில் உட்கார்ந்து, "காதுல வைக்கிறத நீங்க வச்சுக்கங்க, அடிப்பாகத்த மட்டும் குடுங்க" என்றார். எப்படித்தான் தோன்றியதோ. கொடுத்துவிட்டார். இப்போது காதில் வைக்கிறது மட்டும் மேசையில் இருக்கிறது, அதற்கும் துணி மூடியிருக்கிறார்.

கூடு ஒன்று சேர்ந்தது. ஆனால் ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் மஞ்சள். இதை வெளுக்க, முடிக்குப் போடுகிற வெளுப்பு மருந்தைத் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் வைக்க வேண்டுமாம். எங்கள் ஜன்னலில் வெயில் அரை மணி நேரம்தான் எட்டிப் பார்க்கும். நான் தெருவில் வைக்கலாம் என்றேன், வண்டி ஏறும் என்றார். கீழ் வீட்டு வாசல் என்றேன், மர நிழல் என்றார். வெயில் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"மாமா, சாவி" என்று கையை நீட்டினார்.

சம்பந்தி, நான் இடுப்புச் சாவியைப் பொத்திக்கொண்டேன். கொடுத்தால் என் மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன். கொடுக்காவிட்டால் இந்த மனுஷனுக்கு நான் யார், கம்பி இல்லாத ஜெயிலில் காக்கிச் சட்டை போடாத ஆளா. அவிழ்த்துக் கொடுத்தேன். அவரே பூட்டைத் திறந்தார். நான் பின்னாலேயே போய்க் கைப்பிடிச் சுவருக்கு முதுகைக் கொடுத்து, அவருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். நல்ல காத்து வந்தது, எனக்கும் உட்கார இதமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார், "மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எதுக்கு மாப்பிள்ளை என்றேன்.

"மெஷின் மேல உங்க நிழல் விழுது."

தள்ளி உட்கார்ந்தேன். அப்புறம் நிழல் சுற்றச் சுற்ற ஆறு மணி நேரம் அந்தச் சுவர் நீளத்துக்கும் நகர்ந்துகொண்டே இருந்தேன். இது முந்தாநாள் நடந்தது. கூடு பால் மாதிரி வெளுத்துவிட்டது, வந்து பார்த்தால் மூட்டு எங்கே என்று உங்களால் சொல்ல முடியாது.

அதனால்தான் வர வேண்டாம் என்கிறேன். வீணாக்கிவிட்டோம் என்றீர்களே, நாங்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறோம், காய நேரம் வேண்டும். அவசரப்பட்டுக் கிளிப்பை எடுத்தால் பிளந்துவிடும், இது எந்தப் பிளாஸ்டிக்குக்கும் பொது. அடுத்த வாரம் உள்ளே எல்லாவற்றையும் மாட்டி மெஷினை ஓட்டப்போகிறோம். அது ஓடிவிட்டால் அவரும் எழுந்துவிடுவார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. திரையில் வெளிச்சம் வந்த பிறகு நானே சொல்லி அனுப்புகிறேன், அப்போது வாருங்கள், நாற்காலி போடுகிறேன்.

சம்பந்தியம்மாள் முழங்கால் வலி எப்படி இருக்கிறதோ, அவர்களுக்கு என் வணக்கம். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், பிள்ளை பக்கத்தில் இல்லையே என்ற குறையும் ரொம்ப நாள் நீடிக்காமல் இருக்க வேண்டும். கடைசியில் இருப்பது என் கட்டைவிரல். இந்தத் தடவை முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.

பின்குறிப்பு:

அப்பா, கையெழுத்தை முதல் வரியிலேயே அடையாளம் கண்டிருப்பீர்கள். பகலில் இந்த வீட்டில் எழுதத் தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான். என்னிடம் நேரில் சொல்ல முடியாததை எல்லாம் உங்களுக்குச் சொல்கிற சாக்கில் சொல்லிவிட்டார். நானும் ஒன்றையும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

ஆனால் இனி எழுதுவது மாமா சொல்லாதது. மெஷின் ஓடாது. உள்ளே திரைக்குப் பின்னால் படக்குழாயின் கழுத்து முறிந்திருக்கிறது, அதற்கு மாற்று எங்கேயும் இல்லை. பெட்டியைத் திறந்த அன்றைக்கே பார்த்துவிட்டேன். விடுங்க மாமா என்று சொன்னது அதனால்தான். சமையலறையில் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்து வந்தேன், அவர் கொப்புளத்தை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சொல்ல வரவில்லை. அதற்கப்புறம் தினமும் காலையில், இன்றைக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே எழுந்திருக்கிறேன். அதற்கு முன்னால் எழுந்திருக்கவே ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது. நான் சரியாகிவிட்டேன் என்று எழுத மாட்டேன் அப்பா.

மாடியில் காத்து இதமாக இருந்தது என்கிறார். அவருக்கு உயரம் என்றால் பயம். ஆறு மணி நேரமும் கண்ணை மூடிக்கொண்டுதான் நகர்ந்தார்.

வண்டி வேண்டாம், நான் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாருங்கள். மெஷின் விஷயத்தை அவரிடம் சொல்லும்போது அவர் பக்கத்தில் அவர் வயதுக்காரர் ஒருத்தர் இருந்தால் நல்லது.

மாமா கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டு காத்திருக்கிறார். "இன்னும் என்ன எழுதுறீங்க மாப்பிள்ளை" என்று கேட்டார். விரல் வைக்கிற இடத்துக்கு மேல உங்க பேர எழுதுறேன் மாமா என்றேன். தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "என் பேரு இவ்ளோ நீளமா" என்கிறார்.