விசில் வாச்சரும் யானைக் கல்லும்

யானைக்கும் மந்திரிக்கும் ஒரே விசிலை ஊதிய அரசாங்க ஊழியர் இந்த நாட்டில் ஒருவர்தான் இருந்தார். திரியாய்ப் பக்கத்துக் குளக்கரைச் சரணாலயத்தின் காவலர். விசில் வாச்சர் என்றால்தான் தெரியும்.

அறுபதுகளில், அந்தச் சரணாலயத்தை நிர்வகித்த ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் நான் எழுதுவினைஞன். வாச்சரின் முறைப்பாடுகளைக் கோவைக் கட்டில் சேர்ப்பது என் வேலை. கொக்குக் கூட்டுக்குக் கீழே உரத்துக் கதைத்தவர்கள் மீது முறைப்பாடு. சரணாலயத்துக்குள் இருந்த பழைய இடிந்த மண்டபத்துத் தூணில் முதுகு தேய்த்ததென்று ஒரு மாட்டின் மீது முறைப்பாடு, மாட்டின் பெயர், விலாசம் சகிதம்.

ஒருமுறை வாச்சர் லீவில் போய்த் திரும்பியபோது மண்டபத்து வாசற்படிக் கல்லைக் காணவில்லை. யானைகள் வரிசையாக நடப்பதுபோல் செதுக்கிய பழங்காலத்துக் கல். சுற்றுலா வந்த பெரிய உத்தியோகத்தர் ஒருவர் லொறியில் ஏற்றிவிட்டாராம். வாச்சர் ஐந்து முறைப்பாடு எழுதினார். மாட்டுக்குக்கூடப் பதில் போட்ட எங்கள் அலுவலகம் இதற்கு வாய் திறக்கவில்லை.

ஆறாவது கடிதம் எழுதாமல் வாச்சரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு உத்தியோகத்தரின் வீட்டுக்குப் போனார். கிணற்றடியில் அந்தக் கல், துணி துவைக்க! யானைகளின் முதுகெல்லாம் சவர்க்கார நுரை. வாச்சர் நுரையைத் தன் சால்வையால் துடைத்துவிட்டு, கல்லின்மேல் குந்தினார்.

உத்தியோகத்தர் வந்து எழும்பச் சொன்னார்.

"எழும்ப ஏலாது ஐயா. இந்தக் கல்லுக்கு நான் காவல். கல் எங்கையோ, அங்கைதான் எனக்குக் கடமை."

கடமையை அங்கேயே தொடங்கியும் விட்டார். வாளியோடு வந்த வேலைக்காரிக்கு விசில். தேநீர் விருந்துக்கு வந்த கனவான்கள் பலமாகச் சிரித்தபோது, இது பறவைகள் அடைகாக்கும் காலம் என்று அவர்களுக்கும் விசில். பொலிசைக் கூப்பிடுவேன் என்று உத்தியோகத்தர் மிரட்டினார். தாராளமாகக் கூப்பிடுங்கள், கல் இங்கே வந்த கதையை அவர்களும் கேட்கட்டும் என்றார் வாச்சர். உத்தியோகத்தரின் குரல் இறங்கிப்போயிற்று.

மூன்று நாள் நான்தான் சாப்பாடு கொண்டுபோனேன். மூன்றாம் நாள் உத்தியோகத்தரே லொறியை வரவழைத்தார். கல்லோடு வாச்சரும் ஏறிக் குளத்துக்குப் போனார்.

அலுவலகம் அவருக்கு நன்றி சொன்னதா? கடமையிடத்தை விட்டு மூன்று நாள் நீங்கியதற்கு விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் அனுப்பும்படி என்னிடம் சொன்னார்கள். கல்லை எடுத்துப்போனவருக்கு ஒரு வரி இல்லை. தட்டச்சுச் செய்தவன் நான். தபாலில் போடவேண்டியவனும் நான்.

அதை வாசிக்கும்போது அவருடைய முகம் எப்படி வாடும் என்று நினைத்துப் பார்த்தேன். என் சேவைக்காலத்தில் நான் கிழித்துப்போட்ட ஒரே அரசாங்கக் கடிதம் அதுதான்.