இல்லாத இன்வெர்ஸைக் கண்டுபிடித்தவள்

எனக்குக் கணக்கு வராது என்பதைக் கண்டுபிடிக்க என் குடும்பத்துக்குப் பதினாறு வருஷம் பிடித்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பத்தாம் வகுப்பில் நான் நூற்றுக்கு நூறு. புத்தகத்திலிருந்த கணக்கு அத்தனையையும் எண்களோடு சேர்த்து நெட்டுருப் போட்டு வாங்கிய நூறு அது. (செய்யுளை ஒப்பித்தால் சபாஷ், அல்ஜீப்ராவை ஒப்பித்தால் மட்டும் தப்பா?) அப்பா அன்றைக்கே என்னை இன்ஜினீயர் ஆக்கிவிட்டார். தாம்பரம் மார்க்கெட்டில் வெங்காயம் வாங்கும்போதுகூட, "பொண்ணு ஃபர்ஸ்ட் குரூப்" என்று சொல்லிவிட்டுத்தான் பேரத்தையே ஆரம்பிப்பார்.

எண்பதுகளின் நடுவில், பிளஸ் ஒன்னில், எங்களுக்குக் கணக்கு எடுத்தவர் எஸ்தர் மிஸ். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவார். மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. அந்த வருஷ இன்ஸ்பெக்‌ஷனில் நல்ல ரிப்போர்ட் வந்தால் நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பது வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்த விஷயம்.

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் அதற்கு ஒத்திகை உண்டு. யார் போர்டில் கணக்குப் போடுவது, எந்தக் கணக்கைப் போடுவது எல்லாம் முன்பே முடிவாகிவிடும். தலைமையாசிரியை என்னைத்தான் தேர்ந்தெடுத்தார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வண்டலூர் மரகதம் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார வேண்டும். வாயே திறக்கக் கூடாது. அவள் வாயைத் திறந்தால் 'இன்னா', 'கீது' என்று கொட்டும். பள்ளிக்கூடத்தின் மானம் என்னாவது!

கணக்கு சின்னதுதான். மேலே 2, 3. கீழே 4, 7. நான்கு எண்களையும் சதுரமாக எழுதினால் மேட்ரிக்ஸ். குறுக்கே பெருக்கிக் கழித்தால் வருவது டிட்டர்மினன்ட். அதை வைத்து இன்வெர்ஸ் கண்டுபிடிக்க வேண்டும். டிட்டர்மினன்ட் பூஜ்யமாகிவிட்டால் இன்வெர்ஸே கிடையாது. பத்து நாள் இதே கணக்கைப் போட்டேன். கடைசியில் தூக்கத்தில்கூட விடை சொன்னேனாம். அம்மா பயந்துபோய் வேப்பிலை அடித்தாள்.

அந்த நாளும் வந்தது. இன்ஸ்பெக்டர் போர்டைப் பார்த்தார். பக்கத்தில் வந்து, விரலால் 7ஐ அழித்துவிட்டு 6 என்று எழுதினார்.

"ம்... இப்ப போடும்மா."

ஆறு என் கண்ணில் பட்டது. கைக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை. பழைய விடையை அப்படியே எழுதினேன். "சரிபார்த்துக் காட்டு" என்றார். சரிபார்ப்பதும் மனப்பாடம்தானே! அதையும் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டேன்.

"இது எப்படிம்மா வந்தது?"

"எப்பவும் இதான் சார் வரும்."

"எப்பவும்னா?"

"பத்து நாளா சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எஸ்தர் மிஸ்ஸின் முகத்தில் ரத்தமே இல்லை. இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறந்து ஃபைலைப் பிரித்தார். பாவி, மிஸ் வேலையைத் தின்றுவிட்டோமே என்று நினைத்தேன். அழுகை வந்தது, ஆனால் அழக்கூடத் தைரியம் வரவில்லை.

அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார், அதுக்கு இன்வெர்ஸே கெடையாது சார். டிட்டர்மினன்ட்டு ஜீரோவா கீது. ரெண்டாறு பன்னண்டு, மூணுநாலு பன்னண்டு. கழிச்சா இன்னா இருக்கும்?"

தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"எஸ்தர் மிஸ்ஸுதான் சார். எனக்கு மண்டையில ஏறலன்னு டெய்லி சாப்பாட்டு நேரத்துல குந்தவெச்சு சொல்லிக் குடுத்தாங்க. அவங்க டிபனை ஆறவெச்சிக்கினு."

அவர் மரகதத்துக்கு இன்னும் மூன்று கணக்குக் கொடுத்தார். மூன்றையும் போட்டாள். கிளம்பும்போது மிஸ்ஸிடம், "ஒத்திகை சுமார்தான். பாடம் நல்லா நடக்குது" என்று சொல்லிவிட்டு, ஃபைலில் எழுதிவிட்டுப் போனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேராக ஓடிப்போய் மரகதத்தைக் கட்டிக்கொண்டேன்.

"த்தே, வுடுடி, பேஜார் பண்ணாத" என்றாள்.

அடுத்த மாதமே மிஸ்ஸுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார், எனக்கும்தான். "ஆறையும் ஏழையும் பார்த்துத் தின்னு" என்றார்.

அன்று மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப வேற குரூப்பு பார்க்கலாம்" என்றார். அப்பாடா என்றிருந்தது. நான் இன்ஜினீயராகி இடித்துத் தள்ளவிருந்த பாலங்கள் எத்தனையோ, அத்தனையும் பிழைத்தன.

ஆனால் அப்பா சும்மா இருந்தாரா? என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், பஜ்ஜித் தட்டு காலியாவதற்குள் இந்தக் கதையை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டார். அன்று விழுந்து விழுந்து சிரித்தவர்தான் என் கணவர். இன்றைக்கும் தொலைந்த சாவியை யாராவது தேடினால், "அம்மாகிட்ட கேளுங்கடா. இருக்கறதைத் தேடத் தெரியாது. இல்லாததைன்னா உடனே கண்டுபிடிச்சுக் கொடுத்துடுவா" என்கிறார்.