லமோன்ட் பிக்ஸ்பியின் படிப்பைக் காத்த குழு

கல்வியின் மேல் எங்கள் மில்பரோ கல்லூரிக்கு இருக்கும் பக்தி, இந்தியானா மாநிலத்தில் மட்டுமல்ல, இந்தப் பூமியிலேயே வேறு எந்தக் கல்லூரிக்கும் கிடையாது. பதினாலாயிரம் பேர் உட்காரும் கூடைப்பந்து அரங்கத்தைக் கட்டி முடித்த களைப்பிலும், மிஞ்சிய செங்கல்லை வீணாக்காமல் ஒரு நூலகமும் கட்டினோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே நான் 'விளையாட்டு மாணவர் கல்விநல ஆலோசகர்'. எந்த வகுப்பில் சேர்ந்தால் ஆட்டத்துக்கு இடைஞ்சல் வராதோ, அந்த வகுப்பில் ஆட்டக்காரர்களைச் சேர்த்துவிடுவது என் புனிதப் பணி.

லமோன்ட் பிக்ஸ்பி எங்கள் அணியின் உயிர். இரண்டாம் ஆண்டு மாணவன், ஆறடி எட்டங்குலம். அவன் பந்தோடு எம்பினால், அரங்கத்தில் பாதிரியார்கள்கூட எழுந்து பக்கத்தில் இருப்பவர் காலை மிதிப்பார்கள்.

ஏப்ரலில் அவனுக்கு ஒரு சோதனை வந்தது. தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் தேர்வுக்குப் பெயர் கொடுக்கப் பத்து நாள்தான் இருந்தது. இப்போதே போய்விடலாமா? பட்டம் வாங்கும்வரை இருக்கலாமா? பத்தொன்பது வயதுப் பையனை இப்படிப்பட்ட கேள்வியோடு தனியாக விடலாமா? கல்லூரி உடனே 'மாணவர் எதிர்காலப் பாதுகாப்புக் குழு' அமைத்தது. தலைவர் முனைவர் வின்ஸ்லோ, பயிற்சியாளர் ரட்லெட்ஜ், நான், ஒரு பெட்டி டோனட்.

கேரி நகரில் பேருந்து ஓட்டும் அவன் அம்மா வெர்னெட்டாவும், சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"படிப்பு ஒண்ணுதான் தம்பி கடைசி வரைக்கும் கூட வரும்" என்றார் வின்ஸ்லோ. கண் கலங்கினார். கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தார்.

"என் பையன் இங்க என்னதான் படிக்கிறான்?" என்று கேட்டார் வெர்னெட்டா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோப்பைப் புரட்டினேன்.

"பொழுதுபோக்கு மேலாண்மை அறிமுகம்... அப்புறம், பந்தாட்டத்தின் தத்துவம்."

"அதை யாரு நடத்துறாங்க?"

"நான்தான்மா" என்றார் ரட்லெட்ஜ். "உங்க பையன் முழு மார்க்கு!"

"வகுப்பு எங்க நடக்குது?"

"அரங்கத்துல. வார்ம்-அப் பண்ணும்போது."

வெர்னெட்டா மகன் பக்கம் திரும்பினார். "டேய், நாளைக்கே உன் முட்டி உடைஞ்சா இவங்க தத்துவமா வந்து உன்னைத் தூக்கிட்டுப் போகும்? பேரைக் குடுத்துட்டுக் கிளம்புடா."

"அம்மா, யோசிக்க விடு" என்றான் லமோன்ட்.

ஏழு நாள் யோசித்தான். எட்டாம் நாள் என் அறைக்கு வந்து, தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தான்.

"சார், இருக்கப்போறேன். நீங்கள்லாம் சொன்னது சரிதான். படிக்கணும்."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவன் கையில் அடுத்த ஆண்டு வகுப்புக்கான படிவம் இருந்தது. பார்த்ததும் நிறைந்தது வடிந்தது. நிலவியல். செவ்வாய், வியாழன் பிற்பகல் மூன்று மணி, ஆய்வகம்.

"லமோன்ட், மூணு மணிக்கு பிராக்டிஸ்."

"தெரியும் சார். அந்த ரெண்டு நாளும் நான் வர முடியாது. ஜனவரியில ஒரு சனிக்கிழமை சுண்ணாம்புக்கல் குவாரிக்கும் கூட்டிட்டுப் போறாங்க."

"எதுக்குப்பா உனக்குப் பாறை?"

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ்ல போறப்ப, ரோட்டுக்காக மலையை வெட்டியிருப்பாங்களே, அதுல அடுக்கடுக்கா கோடு தெரியும். அது என்னன்னு எங்க யாருக்கும் தெரியல. போன வாரம் எங்ஸ்ட்ரம் மேடம் கிளாஸ்ல பின்னால போய் உக்காந்தேன். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன். 'தப்பு'ன்னாங்க. ரெண்டு வருஷத்துல இந்த காலேஜ்ல எங்கிட்ட யாரும் தப்புன்னு சொன்னதில்ல சார். நல்லா இருந்துச்சு."

ஒரு மணி நேரத்தில் லமோன்ட்டை உட்காரவைத்துக் குழு மறுபடி கூடியது. டோனட் வாங்கக்கூட நேரமில்லை.

"ஜனவரி சனிக்கிழமையா? அன்னைக்குத்தான் லாக்ரிட்ஜ் காலேஜோட ஆட்டம்!" ரட்லெட்ஜ் மேசையைக் குத்தினார். "அந்தக் கல்லு முப்பத்துநாலு கோடி வருஷமா அங்கேயே கிடக்கு. இன்னும் ஒரு வாரம் கிடக்காதாடா?"

"கல்லு கிடக்கும் கோச். கிளாஸ் கிடக்காது."

அவனைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னோம்.

"இது ஒட்டிக்கிற வியாதி" என்றார் ரட்லெட்ஜ், குரலைத் தாழ்த்தி. "இன்னைக்கு இவன் பாறைங்கிறான். நாளைக்கு இன்னொருத்தன் வேதியியல்ம்பான். அப்புறம் எவன்யா ஆடுறது?"

வின்ஸ்லோ எழுந்து நின்றார். ஒரு மாணவனின் எதிர்காலத்தைவிடக் கல்லூரியின் சுயநலம் பெரிதல்ல என்றார். 'பிக்ஸ்பி உடனே தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்வதே அவருக்கு நல்லது' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த ஒருமனதில் என் மனமும் இருந்தது.

பையனை உள்ளே கூப்பிட்டோம். "இளமை ஒரு தடவைதான் தம்பி வரும்" என்றார் வின்ஸ்லோ. மறுபடியும் கண் கலங்கினார். "முட்டியைப் பத்தி உங்கம்மா சொன்னாங்களே, அதை நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல. பெத்தவங்க பேச்சைக் கேக்கணும்பா."

"போன வாரம் இருன்னீங்களே சார்?"

"போன வாரம் நீ படிக்கணும்னு சொல்லலியே!" என்று ரட்லெட்ஜ் உளறிவிட்டார். நான் இருமினேன்.

லமோன்ட் எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையிலிருந்த படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அந்தப் 'பாறை வகுப்பு' ஆசிரியையிடம் மட்டும் விடைபெற்றான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வடக்கே ஒரு அணி அவனை எடுத்தது. முதல் வருடம் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்தான். இரண்டாம் வருடம் ஆடினான், நன்றாகவே ஆடினான். வெர்னெட்டா இன்னும் பேருந்து ஓட்டுகிறார். லமோன்ட் உங்கள் மகனா என்று கேட்கும் பயணிகளிடம், "முதல்ல டிக்கெட் காசைப் போடுங்க" என்கிறாராம்.

போன மாதம் என் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. ஆட்டமில்லாத கோடை மாதங்களில் நிலவியல் படிக்க, அந்த ஊரில் ஒரு சாதாரணக் கல்லூரியில் லமோன்ட் சேர்கிறான். முந்தைய கல்லூரியின் ஆலோசகர் விவரங்களைச் சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டும்.

பெயர் சரி. பிறந்த தேதி சரி. 'முந்தைய கல்லூரியை விட்டு விலகிய காரணம்' என்ற கட்டத்தில், பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தான்: "படிப்பதற்காக."

நான் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன்.