முக்கூடல் கிணற்றங்கரை உப்புப் போர்

மண்ணை மிதிக்காமலே மண்ணின் மர்மம் அறிந்தவரும், கல்லூரியின் ஒரே கணினியைக் கட்டியாண்ட கோமகனும், சட்டைப்பையில் நால்வண்ணப் பேனா சூடியவருமாகிய பேராசிரியர் ஞானசம்பந்தனாரின் வீரத்தை விளம்பப் புகுகின்றோம். பொருநை நதியே, சலசலப்பைச் சற்றே அடக்கி எம் நாவில் வந்தமர்வாயாக!

தொண்ணூறுகளின் நடுவே, முக்கூடலை அடுத்த வாழைத்தோட்டத்தின் ஓரம் ஒரு சாயப்பட்டறை எழவிருந்தது. அதன் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கி, பக்கத்திலிருந்த இசக்கியம்மாளின் குடிநீர்க் கிணற்றைச் சேருமா, சேருமெனில் எப்போது சேரும் என்று கணித்துரைக்கக் கல்லூரிக்கு ஆணை வந்தது. ஞானசம்பந்தனார் கணினியை முடுக்கி, “தை பிறக்குமுன் ஒரு துளியும் சேராது!” என்று முழங்கினார். எதிர்மேசையில் வீற்றிருந்த சகபேராசிரியர் தேவசிகாமணியாரோ தம் சொந்தச் சமன்பாட்டைக் கூண்டுவிட்ட வேங்கையென ஏவி, “ஐப்பசியிலேயே சேரும்!” என்று கர்ஜித்தார். துறைத்தலைவர் நாற்காலி அவ்வாண்டு காலியாக இருந்தது என்பதையும் பணிவுடன் குறிப்பிடுகின்றோம்.

எவர் கணிப்பு மெய்யெனச் சோதிக்க, ஆவணி மாதத்து ஒரு காலையில் இரு வேந்தரும் களம் புகுந்தனர். கிணற்றுக்குச் சற்று மேட்டில் குழி வெட்டி உப்புநீர் நிரப்புவது. உப்பு கிணற்றை எட்டும் நாளைக் கொண்டு சாயம் எட்டும் நாளை அறிவது. இதுவே போர்முறை.

“கெணத்துக்கு ஒண்ணும் ஆயிராதே, சார்வாள்?” என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

“தை மாசம் வரைக்கும் ஒண்ணும் ஆவாதும்மா, கவலப்படாதீய” என்றார் ஞானசம்பந்தனார்.

“ஐப்பசி வரைக்கும்னு திருத்திச் சொல்லும்வே!” என்று சீறினார் தேவசிகாமணியார்.

தூத்துக்குடி உப்பு மூட்டை மூட்டையாய்க் கரைந்தது. வேட்டியை வரிந்துகட்டிய வீரர் இருவரும் குடங்குடமாய்ச் சொரிய, கார்கால மேகங்களும் நாணிக் கலைந்தன. உச்சிவெயிலுக்குள் குழிநீர் மாயமாய் வற்றியது. “பார்த்தீரா, என் சமன்பாட்டின் வேகத்தை!” என்று தொடை தட்டினார் தேவசிகாமணியார். “மேல்மண் அப்படித்தான் குடிக்கும், அடிமண்ணில் அடங்கும்!” என்று மீண்டும் குழியை நிரப்பினார் ஞானசம்பந்தனார்.

பொழுது சாய, இசக்கியம்மாள் உலைக்கு நீர் இறைத்தாள். ஒரு வாய் குடித்தாள். உடனே துப்பினாள்.

“ஏ சார்வாள்! உங்க உப்பு இப்பமே வந்துட்டு! வாயில வைக்க முடியல. சோறு பொங்க நான் எங்க போவேன்?”

வேந்தர் இருவரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தனர். கல்லிடுக்கில் இருந்த எலி வளையொன்றின் வழியே உப்புநீர் அருவியெனக் கொட்டிக்கொண்டிருந்தது. எலிக்கு எந்தச் சமன்பாட்டிலும் இடம் வைக்கப்படவில்லை.

“உம்ம கணக்கு மண்ணோட மண்ணாப் போச்சுவே!” என்றார் தேவசிகாமணியார்.

“உம்ம கணக்கு மட்டும் நிமிந்தா நிக்கி?” என்றார் ஞானசம்பந்தனார்.

அக்கணமே ஞானம் பிறந்தது. காலையில் பகைவராய் வந்தோர் மாலையில் தோளோடு தோள் தழுவினர். எண்டிசையும் நடுங்க, வாழைகள் தலைவணங்க, ஒரே குரலில் பிரகடனம் செய்தனர்: “எம் கணிப்புகளில் குற்றமில்லை! மண்தான் விதிப்படி நடக்கத் தவறியது! அடுத்த வீட்டுக் கிணற்றில் மறுசோதனை நிகழும்!”

இசக்கியம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பஞ்சாயத்துக் குழாய் வரிசையில் போய் நின்றாள்.