நூறு சதவீத வருகை

ஆன்லைன் வகுப்பு எவ்வளவு பயனுள்ளது என்று கல்லூரி அனுப்பிய படிவத்தில், இருபது கேள்விக்கும் ‘மிக மிகப் பயனுள்ளது’ என்று தட்டிவிட்டான் நிலவன். சீக்கிரம் முடிந்தால் போதும் என்பதுதான் அவன் கருத்து.

மறுநாளே பதில் வந்தது. திங்கட்கிழமை பல்கலைக்கழகக் குழு லாஸ்பேட்டையில் இருக்கும் கல்லூரிக்கு வருகிறது. அவன் நேரில் வந்து பயனை விளக்க வேண்டும். பாடத்திலும் நாலு கேள்வி கேட்பார்கள். வராவிட்டால் இன்டர்னல் மார்க் கிடையாது. இன்டர்னல் போனால் அவன் எம்.காம். போச்சு.

சிக்கல் என்னவென்றால், நிலவன் ஒரு வகுப்பும் கேட்டதில்லை. காலை எட்டு மணிக்குப் போனை அம்மா அஞ்சலாட்சியின் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வான். பேர் கூப்பிட்டால் பொத்தானை அமுக்குவது அம்மா வேலை. அவளும் ஜாக்கெட் தைத்துக்கொண்டே ஒரு நாள் விடாமல் அமுக்கினாள்.

வகுப்பெடுக்கும் பேராசிரியர் ஹரிகிருஷ்ணனுக்கு அவசரமாக மெயில் போட்டான். யோசித்துப் பார்த்ததில் ஆன்லைன் வகுப்பு சுத்தமாகப் பயனில்லை என்று படுகிறது, தன்னை விட்டுவிடலாம் என்று எழுதினான். நூறு சதவீதம் வருகை உள்ளவனே இப்படிச் சொன்னால் அதை ஆராயத்தான் வேண்டும் என்று பதில் எழுதிய அவர், அவனுக்கு ஒதுக்கிய கால் மணியை அரை மணியாக்கினார்.

காய்ச்சல் என்று போன் செய்தான். சாயங்காலம் உங்கள் நெல்லித்தோப்பு வழியாகத்தான் போகிறேன், வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றார் அந்த நல்ல மனிதர். காய்ச்சல் அந்த நிமிடமே விட்டுவிட்டது.

வேறு வழியில்லாமல் அம்மா முன்னால் போய் நின்றான்.

“எம்மா, அந்தப் பாடத்த எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன்.”

அஞ்சலாட்சி அளவு நோட்டைப் பின்பக்கம் திருப்பினாள். நாற்பது பக்கத்துக்குக் குறிப்பு எழுதியிருந்தாள். விலை நிர்ணயத்தை ஜாக்கெட் கூலியை வைத்தே விளக்கினாள். மூன்றாம் பக்கத்தில் நிலவனுக்குக் கண் சொக்கியது.

“நான் எதுர்ல குந்தி சொல்லும்போதே தூங்குற. அந்த வாத்தியார் என்னாடா பண்ணுவாரு, பாவம்.”

கடைசியில் ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. இன்னும் மயக்கமாக இருக்கிறது, துணைக்கு வந்திருக்கிறாள் என்று சொல்லி அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். கேள்வி வந்தால் அவள் காதோடு சொல்ல வேண்டும். இந்த வயதில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதை நினைத்து ஸ்கூட்டர் ஓட்டும்போதே அவனுக்கு அழுகை வந்தது. அஞ்சலாட்சி பட்டுப்புடவையில் பின்னால் உட்கார்ந்து, அஞ்சாம் பாடத்தில் சாரிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்றாள்.

கல்லூரித் தாழ்வாரத்தில், இருபது கேள்விக்கும் அவனைப் போலவே தட்டியிருந்த பதினெட்டுப் பேர் நின்றார்கள். கோபிநாத் அப்பாவோடு வந்திருந்தான். மாலா அக்காவோடு, அறிவுமதி வீட்டு ஓனரம்மாவோடு. எல்லாருக்கும் காய்ச்சலாம். ஊரில் ஏதோ பரவுகிறது போல என்று நிலவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

கதவைத் திறந்துகொண்டு வந்த பியூன் பக்கிரி, கூட்டத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார்.

“பசங்கல்லாம் அப்பிடி பெஞ்சுல குந்துங்க. கிளாஸ் கேட்டவங்க மட்டும் உள்ள வாங்க.”